அறிமுக விலை

விற்பனை தொடங்கிய அன்று காலையில் நசுருதீன் கடையில் முதல் பெட்டியைப் பிரித்தது ஹாரிகாதான். புதிய தலைமுறை கம்ப்யூட்டர் ப்ராசஸர். அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலையைப் பார்த்ததும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"முப்பத்தெட்டாயிரத்து ஐநூறா? போன தலைமுறை இருபத்தாறாயிரம்தானுங்க பாய்."

"நானாங்க விலை வெக்கறேன்? கம்பெனிக்காரவிய வெக்கறதுதான்" என்று நசுருதீன் சிரித்தார். "எடுத்துட்டுப் போய் நல்லாப் போட்டுப் பாருங்க அம்மணி. மதர்போர்டும் புதுசா மாத்தோணும், அதையும் தாரேன்."

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு காம்ப்ளக்ஸின் முதல் மாடியில் அவருடைய கடை. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடைகள் அந்த மாடியில் வரிசையாக இருந்தாலும், ஹாரிகா இந்தக் கடைக்குத்தான் வருவாள். சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவளுக்கும் வேலை போனது. அதன்பிறகு வாடகை வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்துத் தமிழில் சொல்கிற வீடியோ சேனல் ஒன்றைத் தொடங்கினாள். பெரிய கம்பெனிகள் பெங்களூர்க்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் பொருளை இலவசமாக அனுப்பும். இவளைச் சீந்துவாரில்லை. நசுருதீன்தான் கடைச் சரக்கைப் பிரித்துக் கொடுத்தார். அவள் சோதித்துத் திருப்பிக் கொடுத்ததும், பிரித்த பெட்டி என்று சொல்லி விலையைக் கொஞ்சம் குறைத்து விற்றுவிடுவார். அதில் அவருக்கு நஷ்டம்தான். ஆனாலும் வீடியோவில் கடைப் பேரைச் சொல்லுங்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று மட்டும் அவர் மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். கடைக்குள் புதுப் பெட்டிகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்ததை ஹாரிகா பார்த்திருந்தாள். காலேஜ் திறக்கிற சீசன், அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க பாய்."

"விலை சாஸ்தின்னா சாஸ்தின்னே சொல்லுங்க. அதுல நான் வாயே தொறக்க மாட்டேன். பொருளக் கெட்ட பொருள்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. விலை நாளைக்கு எறங்கும், ஏறும். பேரு கெட்டா கெட்டதுதானுங்க."

"நான் எதுக்குங்க பாய் அப்படிச் சொல்றேன்? எண்ணு என்ன சொல்லுதோ அதத்தான் சொல்வேன்."

"அது போதுங்க" என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது.

சோதனையில் வந்த எண்கள் அவள் எதிர்பார்த்தபடிதான் இருந்தன. மாடியறையின் ஏ.சி.யை ஒரே அளவில் வைத்து, பழைய ப்ராசஸரையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கேம்களில் பெரிய வித்தியாசமே இல்லை. பழையது நூறு என்றால் புதியது நூற்று நாலு, நூற்று ஐந்து. அதற்காகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கூடக் கொடுத்து, மதர்போர்டையும் மாற்றச் சொன்னால் யார் மாற்றுவார்கள்? அனிமேஷன், வீடியோ வேலைகளில் கதை வேறாக இருந்தது. பழையது மூன்று மணி நேரம் இழுத்த ரெண்டரிங்கை, அதாவது படத்தை முழுதாக உருவாக்கி எடுக்கிற வேலையை, இது இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தது. சூடும் கட்டுக்குள் இருந்தது. ஹாரிகா எல்லாவற்றையும் ஒழுங்காகப் பேசிப் பதிவு செய்தாள். கேம் ஆடுபவர்கள் வாங்க வேண்டாம். படம் செய்பவர்களுக்கு உதவும், ஆனால் விலை இறங்கும் வரை பொறுத்தால் நல்லது. முடிவு அவ்வளவுதான். திரும்பக் கேட்டுப் பார்த்தபோது ஒரு சொல் கூட மாற்றத் தோன்றவில்லை.

கேமரா பிடிப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவள் தம்பி சசிதர். அவனுக்குக் கணக்கு வேறு. சில மாதங்களாகவே சேனலில் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். விளம்பரம் தந்துகொண்டிருந்த கீபோர்டு கம்பெனியும் இழுத்தடித்தது. வீடியோவுக்கான முகப்புப் படத்தைச் செய்து முடித்து அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். ப்ராசஸரைப் பெரிதாகப் போட்டு, அதைக் குப்பைத்தொட்டிக்குள் விழுகிற மாதிரி வைத்திருந்தான். மேலே சிவப்பு எழுத்தில் '38,500 ரூபாய் குப்பை!'

"டேய், இது வேண்டாம். பாய்கிட்டச் சொல்லியிருக்கேன்."

"அக்கா, 'விலை சற்று அதிகம்'னு போட்டா எவன் தொறந்து பாப்பான்? உள்ள நீ எல்லாம் செரியாத்தான பேசியிருக்க? இது வெறும் வாசக்கதவு. உள்ள வர வெச்சாத்தான நீ பேசறத கேப்பாங்க?"

ஹாரிகா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பொய் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதே சமயம், அந்தப் படம் கண்ணை இழுக்கிறது என்பதும் தெரிந்தது. போன வீடியோவை எத்தனை குறைவான பேர் பார்த்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"செரி, இந்த ஒரு தடவைதான்" என்றாள்.

அந்த வீடியோ ஓடிய ஓட்டத்தை அவர்கள் அதற்கு முன்னால் கண்டதில்லை. சாயங்காலம் போட்டது, மறுநாள் மதியத்துக்குள் அவர்களுடைய எல்லா வீடியோக்களையும் தாண்டிவிட்டது. வீடியோவைப் பார்க்காதவர்கள் கூட முகப்புப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் அவள் பேசியது ஒன்றும் இல்லை. படமும் சிவப்பு எழுத்தும்தான். கீபோர்டு கம்பெனி தானே கூப்பிட்டு ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் பேசியது. சசிதர் அன்னபூர்ணா ஓட்டலிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தான். அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டுப் பெருமைப்பட்டாள். இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில், நசுருதீன் கூப்பிடவே இல்லை என்பதை ஹாரிகா கவனித்தாள். சீசன் நேரம், கடையில் கூட்டமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டார். பேர் திருமூர்த்தி. சரவணம்பட்டியில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிற நிலையம் நடத்துகிறாராம்.

"மேடம், உங்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னுதானுங்க கூப்பிட்டேன். நல்லவேளை உங்க வீடியோ கண்ணுல பட்டுது. புது லேபுக்கு அறுபது மெஷின் அந்த ப்ராசஸர்லதான் போடறதா இருந்தேன். காந்திபுரத்துல ஒரு பாய்கிட்டச் சொல்லியும் வெச்சுட்டேன். வீடியோ பாத்த ஒடனே நிறுத்திப்போட்டேனுங்க. இல்லீன்னா அத்தன பணமும் குப்பைக்குத்தான போயிருக்கும்?"

"எந்தக் கடைங்க?" என்று ஹாரிகா கேட்டாள். கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்திருந்தது.

"நசுருதீன்னு ஒருத்தருங்க. நல்ல மனுசன்தான், ஒண்ணும் சொல்லல. 'செரீங்க'ன்னுட்டாரு."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் நேராகக் காந்திபுரம் போனாள். சத்தி ரோட்டில் எந்த இடத்தில் நின்றாள், எந்த பஸ் உரசிக்கொண்டு போனது, ஒன்றும் நினைவில்லை. கடையில் நசுருதீன் ஒரு பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பில் போடுகிற மேசையில் அவர் மனைவி ஆமினா பீவி இருந்தாள். புதுப் பெட்டிகள் அன்று பார்த்தபடியே கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"வாங்க அம்மணி, உக்காருங்க. டீ சொல்றேன்."

"அறுபது மெஷினுங்களா பாய்?"

அவர் துணியை மடித்து வைத்தார். "திருமூர்த்தி சார் பேசினாருங்களா? ஆமாங்க, அறுபது. கொறஞ்ச சரக்குன்னா டிஸ்ட்ரிபியூட்டர் தர மாட்டேன்னுட்டாரு. அதான் போர்டோட சேத்து எடுத்துப்போட்டேன். வாய்வார்த்தைய நம்பி எடுத்தது என்னோட தப்பு. உங்க மேல என்னங்க இருக்குது?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எனக்காகப் பொய் சொல்லியிருப்பீங்களா? அது உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். அதனாலதானுங்க சொல்லல." அவர் கேபினெட்டின் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றார் பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல். மறுபடியும் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஹாரிகா முழு வீடியோவையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ரெண்டரிங்கில் நன்றாக இருக்கிறது என்று தான் சொன்னதை, பட்டியல் போட்டுக் காட்டியதை. ஆமினா பீவி தன் போனை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"முழுசும் நாங்க பாத்தமுங்க. நீங்க உள்ள பேசுனது அத்தனையும் நாயமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க புள்ள ரம்ஷாவோட காலேஜ் குரூப்ல இந்தப் படந்தான் வந்துச்சு. 'உங்க அத்தா கடைல இந்தக் குப்பையத்தான் விக்கறாங்களா'ன்னு கூடப் படிக்கற புள்ள கேட்டுச்சாம். இவ ஊட்டுக்கு வந்து அழுதா. நீங்க உள்ள பேசுனத அவகிட்ட எப்படிங்க நான் சொல்லிப் புரிய வெக்கறது?"

"ஆமினா" என்றார் நசுருதீன், மெதுவாக.

"நான் ஒண்ணும் தப்பாப் பேசலீங்களே" என்று அவள் பில் புத்தகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றே ஹாரிகா முகப்புப் படத்தை மாற்றினாள். சசிதர் தடுக்கவில்லை, அவனுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் பழைய படம் வாட்ஸ்அப்பில் யார் யார் போனிலோ சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. மறுநாள் திருமூர்த்தியின் நிலையத்துக்கு நேரிலேயே போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். மாணவர்கள் சிலர் அவளோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். தன் சோதனை எண்களை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"சார், கேம் ஆடறவங்களுக்குத்தான் நான் வேண்டாம்னு சொன்னேன். உங்க வேலை ரெண்டரிங். உங்க புள்ளைங்களுக்கு இது நெசமாவே நல்ல ப்ராசஸர். விலை கூடத்தான், ஆனா உங்களுக்கு அது நேரத்துல திரும்பக் கெடைக்கும்."

திருமூர்த்தி பொறுமையாகக் கேட்டார். எண்களையும் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"நீங்க சொல்றது செரிதானுங்க மேடம். ஆனா இங்க சேர வர்ற ஒவ்வொரு பையனும் உங்க சேனலப் பாக்கறான். குப்பைன்னு பேர் வாங்குன பொருள லேபுல வெச்சுட்டு நான் பீஸ் கேட்டா, அவங்கப்பன் என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிக்க மாட்டானா? அதுவுமில்லாம, வேற எடத்துல பழைய மாடல் சொல்லி, மெஷினும் வந்து எறங்கிருச்சுங்க."

பக்கத்து அறையில் புது மெஷின்களின் பாலித்தீன் உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

சீசன் போய்விட்டது. காலேஜ்கள் திறந்தன. நசுருதீன் கடையில் புதுப் பெட்டிகள் எப்போதோ ஒன்று என்று போயின. ஹாரிகா அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். போனால் அவர் டீ சொல்வார், வெயிலைப் பற்றிப் பேசுவார், பெட்டிகளைப் பற்றிப் பேச மாட்டார். அதைவிட அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அப்போதுதான் விலை இறங்கியது. உலகம் முழுவதும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை போலிருக்கிறது; கம்பெனி ஒரே அடியாக இருபத்தேழாயிரத்து ஐநூறுக்கு இறக்கிவிட்டது. பெரிய ஷோரூம்களுக்கு வித்தியாசத் தொகையைக் கம்பெனியே கொடுத்து ஈடுகட்டியது. நசுருதீன் மாதிரிச் சின்னக் கடைக்காரர்களுக்கு, ஏற்கெனவே எடுத்த சரக்குக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று டிஸ்ட்ரிபியூட்டர் கைவிரித்துவிட்டார்.

அந்த விலையில் அது சந்தையிலேயே சிறந்த ப்ராசஸர். ஹாரிகாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அப்படிச் சொல்லி ஒரு வீடியோ போட்டால் வாங்குபவர்கள் வருவார்கள். நசுருதீன் கடைக்கும் வருவார்கள். ஆனால் கையில் புது விலையை வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் விற்கிற ஒவ்வொன்றிலும் கைக்காசு போகும். சொல்லாமல் விட்டாலோ, அடுத்த தலைமுறை வந்து அந்தப் பெட்டிகள் பழைய இரும்பாகிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் அவரையே கூப்பிட்டாள்.

"போடுங்க அம்மணி" என்றார் அவர். எந்தத் தயக்கமும் இல்லை. "நல்லதுன்னா நல்லதுன்னு சொல்லுங்க. காலியானாப் போதும்."

"உங்களுக்கு நஷ்டமாகுமே பாய்."

"அது ஆயிருச்சுங்களே. இனிமே எவ்வளவுங்கறதுதான்."

வீடியோ போட்டாள். முகப்பில் ப்ராசஸரின் படமும் புது விலையும் மட்டும் இருந்தன. முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர் கூட இதைப் பார்க்கவில்லை. ஆனாலும் வாங்க நினைத்தவர்கள் பார்த்தார்கள். பெட்டிகள் நகர ஆரம்பித்தன. அடுக்கு கூரையிலிருந்து இறங்கி, தோள் மட்டத்துக்கு வந்து, முழங்காலுக்கு வந்தது. அது குறையக் குறையக் கடையின் மற்ற அலமாரிகளும் காலியாகிக்கொண்டு வந்தன. அங்கே புதுச் சரக்கு வாங்கிப் போட அவரிடம் ஒன்றும் இல்லை.

கடையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கப் போகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் ஹாரிகாவுக்குத் தெரிந்தது. போனபோது ஆமினா பீவி கேபிள்களைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் பெயர்ப்பலகை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"என்ற மச்சினன் அப்துல் மஜீத் ஷார்ஜால இருக்காருங்க. அங்க ஒரு குடோன்ல ஸ்டாக் பாக்கற வேலை இருக்குதாம். போலாம்னு இருக்கேன்" என்றார் நசுருதீன். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுத்திருந்தார். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார்.

வீட்டில் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் ஹாரிகாவுக்கு மறந்துபோனது. மிச்சமிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். "எனக்கு ஒரு ப்ராசஸர் வேணுங்க பாய்" என்றாள்.

அவர் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தார். அவள் பையிலிருந்து முப்பத்தெட்டாயிரத்து ஐநூறை எடுத்து வைத்தாள். நசுருதீன் நோட்டுகளை எண்ணி, பதினோராயிரத்தைப் பிரித்து அவள் பக்கமாகத் தள்ளினார்.

"வாங்கிக்குங்க பாய். தயவுசெஞ்சு."

"இன்னைக்கு விலை இருபத்தேழு ஐநூறுங்க."

"நீங்க எடுத்தது—"

"நான் எடுத்தது என்னோட கணக்கு. விக்கறது ஊர்க் கணக்கு. இத்தன வருசமா கடைல ஒருத்தர்கிட்டயும் விலைக்கு மேல வாங்கினதில்லீங்க அம்மணி. கடைசி நாள்ல உங்ககிட்ட ஆரம்பிக்கச் சொல்றீங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. அது இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பாய், அந்தப் படம்... நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அப்புறம் செரின்னுட்டேன். தெரிஞ்சேதான் செரின்னேன்."

நசுருதீன் பில்லைக் கிழித்துக் கொடுத்தார். "தெரியுங்க" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆமினா பீவிதான் கேட்டாள், கேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல்: "அந்த மொத வீடியோல உங்களுக்குக் காசு நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க" என்றாள் ஹாரிகா. வேறு என்ன சொல்ல முடியும்?

"செரி. யாருக்காவது வந்துச்சே."

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். கீழே, பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், இரண்டு கல்லூரி மாணவர்கள் போனைப் பார்ப்பதும் காம்ப்ளக்ஸை அண்ணாந்து பார்ப்பதுமாக நின்றிருந்தார்கள். ஒருத்தன் அவளை அடையாளம் கண்டு ஓடி வந்தான்.

"அக்கா, நீங்க அந்த சேனல் அக்காதான? உங்க வீடியோ பாத்துட்டுத்தானுங்க வந்தோம். அந்த ப்ராசஸர் மேல ஒரு பாய் கடைல கெடைக்கும்னாங்க. கடைய மூடறாராமே, இன்னும் கொறச்சு அடிச்சுப் பேசலாங்களாக்கா?"

ஹாரிகா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு இருபது வயது கூட இருக்காது. தோளில் பை, கண்ணில் அத்தனை ஆசை.

"மொத மாடி, கடைசிக் கடை" என்றாள். "சொல்ற விலையக் குடுத்துட்டு வாங்கிட்டு வாங்க. பேரம் பேசாதீங்க."

"பேரம் பேசாம எப்படிங்கக்கா?" என்று அவன் சிரித்தான். இரண்டு பேரும் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறிப் போனார்கள்.